சீனுவுக்குப் புது விமானம்

கிளியனூர்,
12.6.1986

விழுப்புரம் மச்சான் விருத்தாசலம் அவர்களுக்கு, தேவநாதன் வணக்கம். நானும் உங்கள் தங்கை அம்சாவும் சௌக்கியம், கொல்லையில் மல்லாட்டைப் பயிரும் சௌக்கியம். உங்கள் வீட்டுச் சேதிக்கு மறு தபாலில் எழுதவும்.

மச்சான், நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். என் பிள்ளை, உங்கள் மருமகன் சீனுவாசனுக்குப் புது விமானம் கிடைக்கப் போகிறது! அதற்குக் காரணம் நான்!

பத்து நாள் முன்பு சீனு, தான் துணை விமானியாக ஓட்டும் விமானத்தின் கேப்டன் சவுரிராயனைப் பொம்மையார்பாளையம் கடற்கரைக்கு அழைத்து வந்தவன், அப்படியே நம் வீட்டுக்கும் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அம்சா கோழிக்குழம்பு ஊற்ற ஊற்ற, இருவருக்கும் விமானப் பேச்சுதான். கம்பெனியில் காற்றாடி வைத்த பழைய விமானங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, புது ஜெட் விமானம் வாங்குகிறார்களாம். அதை ஓட்டப் பயிற்சி சீனியாரிட்டிப்படி இருபது பேருக்குத்தானாம். சீனு இருபத்தோராவது ஆள்! சவுரிராயன் மூன்றாவது. ஓய்வுபெற இரண்டே வருஷம் இருக்க, போவதா வேண்டாமா என்று யோசிக்கிறாராம். அவர் ஒருவர் விலகினால் சீனு உள்ளே.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இதை விளக்க வேண்டுமா? எங்கள் முதலாளியிடமும் புது வண்டி வந்தால் சாவி சீனியருக்கு, தள்ளிக் கிளப்பும் வண்டி ஜூனியருக்கு. கை கழுவும் சாக்கில் சவுரிராயனைக் கிணற்றடிக்கு ஓரங்கட்டினேன்.

“கேப்டன் சார், புது வண்டி பேஜாருங்க. சின்னப் பசங்களோட பெஞ்சில குந்திக்கினு பரீட்சை எழுதணும். பழசுன்னா நம்ம கைக்கு வளைஞ்சி போவும். இத்தினி வருசம் கூட இருந்ததை இப்ப உட்டுட்டா போறது? நான் பதினாலு வருசம் ஒரே வண்டிங்க. புதுசு குடுத்தாங்க, வாணாம்னுட்டேன்!”

அது பொய் மச்சான். புது வண்டிக்காக முதலாளி வீட்டு வாசலில் மூன்று நாள் நான் நின்றது உங்களுக்கே தெரியும்.

மனுஷன் கண் கலங்கிவிட்டார். “என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டீங்க அய்யா. கடைசி வரைக்கும் பழைய விமானத்துலதான் நான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே திண்டிவனம் போய், புது விமானத்துக்குப் பூஜை போட இரண்டு பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் சொல்லி வைத்தேன். எத்தனை சக்கரம் என்று சீனுவிடம் கேட்டால் கத்துவான் என்பதால் ஒரு கூடையாகவே சொல்லிவிட்டேன்.

பழைய விமானம் ஓட்டுகிறவனுக்குப் பெண் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்ன உங்கள் தெரு காந்திமதி அம்மாளிடம் இன்றைக்கே போய் விஷயத்தைச் சொல்லுங்கள். மெதுவாக அல்ல, தெருவுக்கே கேட்கும்படி.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, நோய்நொடியில்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தேவநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சீனுவின் கடிதம் வந்தது. சவுரிராயன் விலகியதும் பட்டியலில் அவன் பெயர் இருபதாவதாக ஏறியதாம். ஆனால் மறுநாளே சவுரிராயன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம்: ‘அப்படிப்பட்ட தகப்பன் வளர்த்த பிள்ளைக்கும் பழைய விமானத்தை விட்டுப்போக மனசு வராது. நான் ஓய்வுபெறும் வரை சீனுவாசனே என் பக்கத்தில் உட்காரட்டும்.’ கம்பெனியும் ஒப்புக்கொண்டு, பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டதாம். காந்திமதி அம்மாள் வீட்டுப் பக்கமே போகாதீர்கள். ‘அப்பா, கிணத்தாண்ட அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?’ என்று சீனு கேட்டிருக்கிறான். என்ன எழுதட்டும், மச்சான்?