மூணுதரம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இதுநாள்வரை எவரையும், எதையும் ஒரே தடவை கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துபோகாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். பசறையிலிருந்து நமுனுகுல ஏறும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அவர் எலக்ட்ரீஷியன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘மூணுதரம்’. காதுபடவே அப்படித்தான் அழைத்தார்கள். அவரும் மூன்றாவது அழைப்புக்குத்தான் திரும்புவார்.

பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் மூன்று தரம் மணியடிப்பார். முதல் மணிக்கு வண்டி நிற்கும், இரண்டாவதுக்கு நகரும், மூன்றாவதுக்குச் சாரதி திரும்பிப் பார்ப்பார். “அண்ணே, எறங்குறீங்களா, இல்ல பூசை நடத்துறீங்களா?” என்று கண்டக்டர் கேட்பார். அவர் வீட்டில் தேநீர் வேண்டாமென்றால் மூன்று தரம் வேண்டாமென்று சொல்ல வேண்டும். இரண்டோடு நிறுத்தியவர்கள் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சம்மதமா, சம்மதமான்னு மூணு தரம் கேட்டாருங்க. மூணாவது தரம் சலிச்சுப்போய்த்தான் சரின்னேன்.”

நான் கட்டுப்பாட்டுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். பல்கலைக்கழகத்தில் முப்பது வருடங்கள் கற்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் பதுளையில் குடியேறி, ஆலைகளுக்கு ஆலோசனை வழங்கி வந்தேன். ஸ்டோரில் என்னை ‘டாக்டரய்யா’ என்றார்கள். அதன் விளைவாக, கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்யும் ஒருவர் தம் இருமலை என்னிடம் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் தேறிவிட்டார். அந்த ஸ்டோரில் எவர் உதவியுமின்றி நான் சரிசெய்தது அந்த இருமல் ஒன்றைத்தான்.

அரைத்த கொழுந்தைக் காயவைக்கும் டிரையரை இயக்கியது ஒரு பழைய கன்ட்ரோலர். அதற்கு மூணுதரம் வைத்த பெயர் ‘கெழவன்’. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் பொத்தான்களும் முள் மானிகளும் இருந்தன. அவற்றை அகற்றிவிட்டு, விரலால் தொட்டு இயக்கும் ஒரு டிஸ்பிளே பேனலைப் பொருத்தலாம் என்று இருபத்திரண்டு பக்க அறிக்கை எழுதியவன் நான். பேனல் கன்ட்ரோலரைக் கூப்பிட்டு நிலவரம் கேட்கும். அது பதில் சொல்லும். அவற்றுக்கிடையே உள்ள உறவு அவ்வளவுதான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் அறிக்கையை நம்பினார். பொத்தான்கள் போயின, பேனல் வந்தது.

முதல் நாள் காலை பேனலில் சூடு எவ்வளவு என்று ஒரு கணம் தெரிந்தது. மறுகணம் ‘தொடர்பு இல்லை’ என்றது. பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து நின்றார். “டாக்டரய்யா, கொழுந்து ரோலர்ல இருந்து எறங்கியாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள டிரையர் ஓடலைன்னா அம்புட்டும் புளிச்சுப் போயிரும். நேத்து மலையில எல்லாரும் மழையில நனைஞ்சு எடுத்த கொழுந்துங்க.”

நான் வயரை மாற்றினேன். இருபுறமும் பேசும் வேகம் ஒன்றா என்று பார்த்தேன். கன்ட்ரோலரின் எண்ணைச் சரிபார்த்தேன். முந்தின வாரத்து இடிமின்னலைக் குற்றம்சாட்டினேன். கொழும்பிலுள்ள நண்பரொருவரைத் தொலைபேசியில் அழைத்து ஆங்கிலத்தில் நீண்ட நேரம் உரையாடினேன். அதைக் கேட்டாவது கெழவன் மசிவான் என்று எண்ணினேன் போலும். அரை மணி நேரம் கழிந்தது. கொழுந்தின் வாசனை மாறத் தொடங்கியிருந்தது. அதை என்னைத் தவிர எல்லோரும் மூக்கால் சொன்னார்கள்.

மூணுதரம் ஒரு கையில் வெறுந்தேநீர்க் கோப்பையுடன், கன்ட்ரோலரில் மினுங்கிய சின்ன விளக்கையே பார்த்தபடி நின்றார்.

“ஐயா... ஐயா... ஐயா.”

“என்ன?”

“கெழவன் பதில் சொல்றானுங்க.”

“பதில் வரவில்லையென்று பேனலே சொல்கிறதே.”

“அது சொல்லும். இந்த லைட்டப் பாருங்க. பேனல் கூப்பிடுது. இவன் மெதுவா யோசிச்சு ‘இருக்கேங்க’ங்கிறான். அதுக்குள்ள அது ‘ஆள் வரல’ன்னு எழுதிட்டுப் போயிருது. பெரட்டுல நடக்கிற மாதிரிதாங்க.”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்குமுன் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மூணுதரம் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

“எங்கப்பாவுக்குக் காது மந்தங்க. பெரட்டுல ஒரு தரம் கூப்பிட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவாங்க. மனுசன் முன்னாலதான் நிப்பாரு. வரலைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எத்தனையோ நாளு.” பிறகு அதே குரலில் கேட்டார்: “நீங்க எத்தனை தரம் கூப்பிடச் சொல்லியிருக்கீங்க?”

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒரு தரம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நேரத்தையும் இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்திருந்தேன். பேனல் துரிதமாக இயங்க வேண்டுமென்று நானே வைத்தது அது. என் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் அதைச் சிறப்பம்சமாகவும் குறிப்பிட்டிருந்தேன்.

“மூணு தரம் கூப்பிடச் சொல்லுங்க. கூப்பிட்டுட்டு கொஞ்சம் மொகத்தப் பாத்து நிக்கவும் சொல்லுங்க.”

இரண்டையும் மாற்றினேன். பேனலில் சூட்டின் அளவு வந்தது, வந்தது போகவில்லை. டிரையர் உறுமிக்கொண்டு புறப்பட்டது. கொழுந்து தப்பியது. டீமேக்கர் என்னருகே வந்து, மிகுந்த மரியாதையுடன், “அப்ப இருமலுக்கு மட்டும் உங்ககிட்ட வர்றோங்க” என்றார்.

போகுமுன் மூணுதரத்திடம் கேட்டேன்: “மூன்றாவது தரமும் பதில் வராவிட்டால்?”

“அப்ப வரலைன்னு எழுதித்தாங்க ஆகணும். ஆனா மூணாவது தரம் கூப்பிடாம எழுதப்படாது.”

நான்கு வருடங்களுக்குப் பின் என் மனைவி இறந்தாள். அதைப் பற்றி எழுதும் பழக்கம் எனக்கில்லை. காரியங்களெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபின், ஒருநாள் காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தரம் எடுத்தேன்.

“பெரட்டுங்க, டாக்டரய்யா.”

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன். அவரும் அவசரப்படவில்லை.

“இருக்கேன்” என்றேன்.

“சரிங்க” என்று வைத்துவிட்டார்.

ஆறுதல் சொல்லவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே இரண்டு சொற்கள். இப்படியே இரண்டு வருடங்கள். இது அநாவசியம் என்று அவரிடம் இருமுறை எடுத்துரைத்தேன். மூன்றாவது முறை சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை.

கடந்த மாதம் ஒருநாள் காலை தொலைபேசி அடிக்கவில்லை. ஏழு மணிக்கு நானே அவரைக் கூப்பிட்டேன். அடித்து ஓய்ந்தது. பத்து மணிக்கு டீமேக்கர் தகவல் சொன்னார்: தூக்கத்திலேயே போய்விட்டாராம். அடக்கத்துக்குப் போய்வந்தேன். அடுத்த வாரம் ஒரு காலை, ஆறரை மணிக்கு, முனைவர் பட்டம் பெற்ற மனிதன் செய்யத் தகாத காரியமென்று அறிந்தே அந்த எண்ணை மறுபடியும் கூப்பிட்டேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மும்மொழியிலும் சொன்னது.

ஆக, இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. மூன்றாவது தரம் இன்னும் கூப்பிடவில்லை.