எஞ்சின் சும்மா ஓடினால் பாப்பா தூங்குகிறாள்

அன்பும் மரியாதையும் நிறைய பயமும் கலந்த வணக்கத்துடன் அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதுவது.

இங்கே நான், உங்கள் மகன், பாப்பா, வாடகைக்குப் போயிருக்கும் வண்டிகள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் மகள் வீட்டில் நீங்களும் அண்ணியும் புதிதாக வைத்த கண் வில்லையும் சுகம்தானே? சொட்டு மருந்து விடும்போது யாரையும் திட்டாமல் படுத்துக்கொள்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். நம்ப முடியவில்லை, ஆனாலும் சந்தோஷம்.

போனில் பேச வேண்டியதை எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் "அத்தை" என்று ஆரம்பித்ததுமே நீங்கள் "எந்த வண்டி?" என்கிறீர்கள். அதோடு எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் பாப்பா தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அண்ணியின் போனுக்கு அனுப்பிவிடுவேன், அவர்கள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அண்ணி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நடுவில் 'மனசுக்குள்' என்று போட்டிருக்கும் இடங்களைத் தயவுசெய்து சத்தமாக வாசிக்க வேண்டாம். பக்கத்தைத் திருப்புகிற மாதிரி லேசாக இருமிவிடுங்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தை, நீங்கள் கிளம்பி வரவே கூடாது. ஒரு மாதத்துக்குக் கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் ஷெட்டில் தூசியைக் கழித்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? ஆனால் நீங்கள் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஒரு வண்டி கோணலா நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிடும், அடுத்த பஸ்ல வந்து எறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு. எந்த வண்டியைப் பார்த்தாலும் கோணலாகத்தான் தெரிகிறது. நாளைக்கு சைட் என்ஜினியர் உங்களுக்குப் போன் பண்ணுவார். அவர் சொல்லி நீங்கள் பஸ் ஏறுவதைவிட நானே சொல்லி நீங்கள் ஏறாமல் இருப்பது நல்லதில்லையா?

வண்டி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று போனுக்குச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிகளை வண்டிகளில் உங்கள் மகன் ஒட்டியபோது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஸ்கூட்டரில் சைட் சைட்டாகப் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். வண்டி சூடாக இருந்து மண் மட்டும் குறையாமல் இருந்தால், "எஞ்சின சும்மா ஓட விட்டுட்டு யார்கூடடா அரட்டை? டீசல் என்ன தண்ணியா?" என்பீர்கள். அந்தக் குரலில் ஓட்டுநர்கள் இறங்கி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். என்னால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, அந்தக் குரலும் எனக்கு வராது. அதனால் வீட்டில் இருந்தபடி போன் திரையிலேயே பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். படித்தவள் இல்லையா, அதில் இருந்த எச்சரிக்கைகள் அத்தனையையும் போட்டுவிட்டேன். வண்டி கிளம்பினால் ஒரு மணி, நின்றால் ஒரு மணி, வேகமாகப் போனால் ஒரு மணி, டீசல் இறங்கினால் ஒரு மணி, வேலை செய்யாமல் எஞ்சின் மட்டும் ஓடினால் இன்னொரு மணி. வீடே பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம் வேறு. கண்ணயர்ந்தால் ஒரு மணி அடிக்கும், அவள் அலறுவாள், நானும் கூடவே அலறுவேன், உங்கள் மகன் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவார்.

அதனால் ஒவ்வொரு மணியையும் மாற்றினேன். எஞ்சின் சும்மா ஓடுவதற்கு மட்டும், தூரத்தில் வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று வைத்தேன். அன்று மத்தியானம் பாப்பா ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் தோளில் போட்டு நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டேன். அப்போது போனில் ரீங்காரம் வந்தது. நம் ரோடு ரோலர் குண்டன்தான். ரோலர் அண்ணன் வண்டியை அணைக்காமல் யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். உடனே கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்று போனை எடுத்தேன். பாப்பா வாயை மூடினாள். இன்னொரு தரம் ரீங்காரம் வந்தது. கண்ணை மூடினாள்.

(மனசுக்குள், அண்ணி.) நான் ரோலர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, வண்டிய நிறுத்திடாதீங்க. ஓட்டவும் ஓட்டாதீங்க. அப்படியே விடுங்க."

"என்னம்மா சொல்றீங்க? பெரியம்மா இருந்தா இதுக்கு என் தோல உரிச்சித் தொங்க விட்டுடுவாங்களே!"

"பாப்பா தூங்குறாண்ணா."

"அட, அதுக்கா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா. நான் சும்மா உக்காந்திருக்கறதுல பயிற்சி எடுத்தவன்."

அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். பாப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. உண்மையிலேயே எங்கோ ஒரு ரோலர் வேலை செய்யாமல் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. அடுத்த நாளிலிருந்து ரோலர் அண்ணனே சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டு, "என்னம்மா, போட்டுடட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். (மனசுக்குள் முடிந்தது. அண்ணி, இனி சத்தமாக.)

வண்டிகள் எல்லாம் மிகவும் கட்டுப்பாடாக இயங்குகின்றன, அத்தை.

இனி நம் மண் அள்ளும் வண்டி மகாராணி விஷயம். என்ஜினியர் சொல்லப் போவது இதைத்தான். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் விரலால் ஒரு எல்லை போட்டால், வண்டி அதைத் தாண்டியதும் போன் கத்தும். நானும் போட்டேன். மடியில் இருந்த பாப்பா என் விரலைப் பிடித்து இழுத்ததில் எல்லை ஒரு உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். சைட்டின் கேட் அந்த உருளைக்கிழங்குக்கு வெளியே இருந்தது எனக்குத் தெரியாது. நேற்றுக் காலையில் மகாராணி கேட் ஓரத்து மண்மேட்டை அள்ளப் போனாள். இங்கே போன், வீட்டில் தீப்பிடித்த மாதிரி கத்தியது. யாரோ நம் மகாராணியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓட்டுநர் மீசை அண்ணனைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எப்படிக் கேட்கும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவரைக் கட்டிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. திரையில் ஒரு பூட்டு இருக்கிறது. அதை அமுக்கினால் ஓடுகிற வண்டி நிற்காது. ஆனால் ஒரு தரம் அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. திருடன் எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அமுக்கிவிட்டேன்.

மீசை அண்ணன் பசிக்கிறது என்று வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். கேட்டுக்குக் குறுக்கே. உள்ளே என்ஜினியரின் கார், வெளியே கலவை லாரி. கான்கிரீட் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. என்ஜினியர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க வண்டி செத்துப்போச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க."

"சாகல சார். திருடனுக்குப் பயந்து நான்தான் பூட்டி வெச்சிருக்கேன்."

"எந்தத் திருடன்?"

"மகாராணியத் திருடினவன்."

"அவ என் கேட்டுலதாம்மா நிக்கிறா! அந்தத் திருடனாவது வந்து ஓட்டிட்டுப் போனா நான் மால போடுவேன்!"

பூட்டைத் திறக்க ஒரு கடவுச்சொல் கேட்டது. உங்கள் மகன் ஏதோ கூட்டத்தில் இருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார். பாப்பா பிறந்த நாளைப் போட்டேன், இல்லை. எங்கள் கல்யாண நாளைப் போட்டேன், இல்லை. என் பிறந்த நாள் இருக்காது என்று தெரிந்தே போட்டேன். கடைசியில், மகாராணியின் வண்டி எண்ணைப் போட்டதும் திறந்துகொண்டது. இதைப் பற்றி உங்கள் மகனிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

லாரி உள்ளே போய்விட்டது, கான்கிரீட்டும் பிழைத்தது. ஆனாலும் என்ஜினியர், "இது சரிப்படாதும்மா. அம்மா வரட்டும், அதுவரைக்கும் உங்க வண்டி எதுவும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் உங்களிடம் சொன்னால் நீங்கள் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டாவது வந்து நிற்பீர்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு காரைப் பிடித்து நேரே சைட்டுக்குப் போனேன். பாப்பாவை மீசை அண்ணனிடம் கொடுத்தேன். அவள் அவருடைய மீசையைப் பிடித்து, உங்கள் காதுத் தோட்டை இழுப்பாளே, அதே மாதிரி இழுத்தாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டை ஒரு சுற்று நடந்து, கேட்டையும் சேர்த்து எல்லையைப் புதிதாகப் போட்டேன். சேற்றில் ஒரு செருப்பு போனது. என்ஜினியர் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்ட வாயெடுத்தார். அதற்குள் பாப்பா ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் நின்ற ரோலர் அண்ணன் யாரையும் கேட்காமல் குண்டனை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓட விட்டார். கொஞ்ச நேரத்தில் என் போனில் ரீங்காரம். பாப்பா மீசை அண்ணன் தோளில் சாய்ந்துவிட்டாள்.

என்ஜினியர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா. பொறந்ததுலேருந்து யாரும் தூங்கல. இந்தச் சத்தம் எந்த வண்டியில வருது?" என்று கேட்டார்.

(மனசுக்குள், அண்ணி.) இன்று முதல் அவர் மனைவியின் போனுக்கும் குண்டனின் ரீங்காரம் போகிறது. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தூங்க வைக்க வேண்டியிருப்பதால் குண்டன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறான். (முடிந்தது.)

வண்டிகள் எதையும் அவர் திருப்பி அனுப்பவில்லை, அத்தை. ஆனாலும் உங்களுக்குப் போன் பண்ணுவேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் எப்படிச் சொன்னாலும் நீங்கள் பதற வேண்டாம். இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கண்ணைக் கசக்காதீர்கள், குனிந்து எதையும் தூக்காதீர்கள், திரை எதையும் பார்க்காதீர்கள். அண்ணிக்கும் பையனுக்கும் எங்கள் அன்பு. உங்கள் பேத்தி தூக்கத்தில் ஒரு கையை உங்கள் தலையணைமேல் போட்டிருக்கிறாள். எங்கள் மூவருக்கும் அங்கிருந்தே ஆசீர்வாதம் அனுப்புங்கள். நேரில் கொண்டுவர வேண்டாம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மருமகள்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு, படுக்கும் முன் வண்டிகளை ஒரு பார்வை பார்க்கலாம் என்று திரையைத் திறந்தேன். மூலையில் ஒரு பச்சைப் புள்ளியும் பக்கத்தில் 'இரண்டு பேர் பார்க்கிறார்கள்' என்றும் எப்போதும் இருக்கும். மற்றவர் உங்கள் மகன் என்று நினைத்திருந்தேன். உங்கள் மகன் இதோ குறட்டை விடுகிறார், அவர் போன் என் கையில் இருக்கிறது. புள்ளியைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணி பையனின் டேப்லெட். நீங்கள் அங்கே போன நாளிலிருந்து, காலை முதல் இரவு வரை.

அப்படியென்றால் உருளைக்கிழங்கைப் பார்த்தீர்கள். பூட்டைப் பார்த்தீர்கள். குண்டன் தினமும் மத்தியானம் சும்மா நிற்பதையும் பார்த்தீர்கள். பார்த்தும் ஒரு போன் இல்லை. பஸ்ஸும் ஏறவில்லை. அண்ணி, மனசுக்குள் எல்லாவற்றையும் சத்தமாகவே வாசித்துவிடுங்கள்.

ஆனால் அத்தை, டாக்டர் திரையைப் பார்க்கக் கூடாது என்றாரா இல்லையா? இந்த நேரத்தில் அண்ணியை எழுப்பிக் கேட்க வழியில்லை என்பதால், நம் இருவருக்கும் பொதுவான திரையில் மகாராணியின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் "அத்தை, டேபை வைத்துவிட்டுத் தூங்குங்கள்" என்று போட்டேன்.

பச்சைப் புள்ளி அணையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குண்டனின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிந்து, அந்த இடத்தில் இப்படி வந்திருக்கிறது:

"மொதல்ல நீ படு. நாளைக்கு இவன இன்னுங் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடு."