தேவாலாவின் இரும்பு உலக்கை

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் காலை எலக்ட்ரிக் டிரெயினில் போனவர்களில், தங்கம் தேடி மலையேறிய வெள்ளைக்காரர்களின் கதையைக் கேட்காமல் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. சொல்கிறவர் எங்கள் இரும்பு ஆலையில் பழைய இரும்பைத் தரம் பிரிக்கிறவர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அங்கே குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. எங்களுக்கு அவர் தேவாலா.

தேவாலா என்பது நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்து ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தங்கம் இருக்கிறதென்று எவனோ கிளப்பிவிட, லண்டனில் கம்பெனிமேல் கம்பெனியாகத் திறந்தார்களாம். கோழிக்கோட்டில் கப்பலிலிருந்து இறக்கிய இயந்திரங்களை நாடுகாணி மலைப்பாதையில் மாட்டுவண்டி கட்டி ஏற்றினார்களாம். குதிரைப் பந்தயம் வந்தது, ஓட்டல் வந்தது, தங்கம் மட்டும் வரவில்லை. துரை தலையில் கைவைத்த இடத்தை நடித்துக் காட்ட, பக்கத்தில் இருப்பவரின் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வார். ஒருமுறை அதில் ரசம் இருந்தது. கவரைப்பேட்டை வருவதற்குள் எல்லாக் கம்பெனியும் திவாலாகிவிடும்.

இவ்வளவும் பேசுகிற மனிதர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அவர் வாழ்நாளில் ஏறிய மலை திருத்தணி ஒன்றுதான்.

ஒருநாள் கூடலூரிலிருந்து ஒரு லாரி பழைய இரும்பு வந்தது. அதில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு உலக்கை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்தில் கிடந்தது என்றார் டிரைவர். துருவைச் சுரண்டி, அதில் வார்த்திருந்த ஆங்கில எழுத்துகளை நான்தான் படித்தேன். ஏதோ ஒரு கோல்டு மைனிங் கம்பெனி, லிமிடெட். தங்கக் கல்லை இடித்த உலக்கை. அடப்பாவி, மனுஷன் இத்தனை வருஷம் விட்டது டூப்பு இல்லையா!

தேவாலா உலக்கையின்மேல் ஏறி உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். உலைக்கு உள்பூச்சு வேலை நடந்ததால் மூன்று நாள் உருக்கும் வேலை கிடையாது. மூன்று நாளும் அவருக்கு நாஷ்டா, பீடி எல்லாம் அங்கேயே.

உலக்கைக்குள் தங்கம் இருக்கிறதென்று கேன்டீனில் புரளி கிளம்பியது. மானேஜர் எங்களை முட்டாள்கள் என்று திட்டினார். பிறகு தேவாலா கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து, டிரில் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி ஓட்டை போட்டுப் பார்த்தார். இரும்புத் தூள்தான் கொட்டியது.

உலை மறுபடி எரிந்த அன்று முதலாளி வந்தார். பழங்காலத்துச் சாமான் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தங்கக் கலர் பெயிண்ட் அடித்து ஆலை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"தேவாலாண்ணா, உன் உலக்க பொழச்சிருச்சு. கேட்டுல நிக்கப் போவுது."

அவர் முகம் செத்துப்போனது. "எவன் சார் கேட்டான்? இத்த உலைல போட்டு கரைக்கணும்."

மானேஜர் வந்து, மரியாதையாக இறங்கு, இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றார் தேவாலா. கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அப்போதுதான் சொன்னார்.

"எங்க தாத்தாவோட அப்பாவ பஞ்சத்துல ஆள் புடிக்கிற மேஸ்திரி அந்த மலைக்கு கூட்டிகினு போனான் சார். மாடு ஏறாத எடத்துல, இந்த மாரி உலக்கைங்கள கட்டா கட்டி ஆளுங்களே இஸ்துகினு போனாங்க. கயிறு அறுந்து உருண்டுச்சு. அவரோட சேத்து நாலு பேரு அதுங்கீழ. எங்க தாத்தா அப்போ வயித்துல."

மானேஜர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அதேதானானு தெரியாது. ஆனா பெயிண்ட் அடிச்சு நிக்க வெச்சா, தெனம் நான் அத்த பாத்துகினு உள்ள வரணுமா?"

எழுந்தார். கிரேன்காரருக்கு வழக்கம்போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். காந்தம் இறங்கி உலக்கையைக் கவ்விக்கொண்டு போய் உலையில் விட்டது. மானேஜர் தடுக்கவில்லை. முதலாளியைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் சஸ்பெண்டு என்று எழுதினார், அவ்வளவுதான்.

இத்தனை கதை சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இத்த சொன்னா எவன் சார் சிரிப்பான்?"

மறுநாள் காலை பார்த்தால், சஸ்பெண்டான ஆள் ரயில் பெட்டியில் நிற்கிறார். ஊட்ல உக்காந்தா பேஜாரு என்றார். விஷயம் தெரிந்துபோயிருந்ததால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னா எழவு ஊடு மாரி இருக்கீங்க என்று அதட்டிவிட்டு, குதிரையிலிருந்து சேற்றில் விழுந்த ஒரு துரையைப் பற்றி ஆரம்பித்தார். அதுவரை நாங்கள் கேட்டிராத கதை. அந்த நிமிஷம் கட்டியது என்று நன்றாகவே தெரிந்தது, சுத்தமாகச் சுவாரசியமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன்.