வளைகாப்பில் ஒரு மஞ்சள் எலி

குடும்பத்தில் ஒருவன் பிஎச்டி படிக்கத் தொடங்கினால், முதல் இரண்டு வருடங்களுக்கு அவனை எந்த மண்டபத்திலும் மைக்குக்குப் பக்கத்தில் விடக்கூடாது. ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நன்றாகத் தெரிந்தவன் யோசித்துப் பேசுவான். பாதி தெரிந்தவன்தான் ஸ்லைட் போடுவான். நான் போட்டேன், அதுவும் சொந்த அக்காவின் வளைகாப்பில், நூற்றைம்பது பேருக்கு முன்னால்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் அம்மாவோடு அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு, டவுன்டவுனில் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளோடு வேலை. (அம்மா வெளியில் சொல்வது, "தம்பி டொக்டருக்குப் படிக்கிறான்." எந்த டொக்டர் என்று கேட்பவர்களுக்கு உடனே தேநீர் வந்துவிடும்.)

அந்த எலிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. பாலூட்டிகளின் டி.என்.ஏ.யில், நாங்களும் சேர்த்தி, கிட்டத்தட்டப் பாதி ஒரு காலத்தில் இடம்விட்டு இடம் தாவித் திரிந்த துண்டுகளின் மிச்சம். இவற்றைச் சும்மா விட்டால் குழப்படி செய்யும். அதனால் உடல் அவற்றின்மேல் மெத்தைல் என்ற சின்ன இரசாயனக் குறியை வைத்து அடக்கி வைத்திருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடிக்காரர் பெரிய சத்தத்தில் பாட்டுப் போட்டால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டென்டன்ட் போய் நிற்பாட்டுவது போலத்தான். எங்கள் எலிகளில் அப்படியொரு துண்டு, மயிரின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிட்டது. குறி விழுந்தால் துண்டு அடங்கும், எலி மண்ணிறமாய் மெலிவாய் இருக்கும். விழாவிட்டால் துண்டு இரவு பகலாய்ச் சத்தம் போடும், எலி மஞ்சளாகிக் கொழுத்துப் போகும். கர்ப்பமான தாய் எலிக்கு ஃபோலிக் அமிலம் போன்ற சில சத்துகளைக் கூட்டிக் கொடுத்தால் மண்ணிறக் குட்டிகள் அதிகமாகப் பிறக்கும்.

இதை நான் படித்துத் தலைகால் தெரியாமல் திரிந்த நாட்களில்தான் வதனி அக்கா கர்ப்பம் என்று, அவர் கலியாணம் முடித்துப் போயிருந்த பிக்கரிங்கிலிருந்து செய்தி வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாமல் விட்டால் அக்கா மறந்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மற்றதெல்லாம் பேசினோம். அன்னாசி கூடாது, பப்பாசி கூடாது என்றார் அம்மா. இறால் கூடாது, எள்ளு கூடாது, கோப்பி வாசம்கூட ஆகாது என்றார் யூனியன்வில் அன்ரி. (அத்தானின் பெரியம்மா. எந்த விசேஷத்திலும் முன்வரிசை நடுக் கதிரை அவருக்குத்தான்.) நான் ஏளனமாகச் சிரித்தேன். "உதுகள் ஒண்டுக்கும் ஆதாரம் இல்லை" என்றேன்.

சொல்லிவிட்டு, எலிக்குக் கொடுத்த சத்துகள் உள்ள சாப்பாடாகப் பார்த்து நானே ஒரு பட்டியல் போட்டேன். கீரை, பீற்றூட், முட்டை, பருப்பு. கட்டம் கட்டமாய் நிறம் தீட்டி, அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்ரிமாராவது வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் சரி போடுவதற்குக் கட்டம் வைத்தேன். அக்கா ஒருநாள் விடாமல் சரி போட்டுக்கொண்டே வந்தார். விஞ்ஞானத்தில் அவருக்கு இருந்த மரியாதை என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

ஏழாம் மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். (ஊரில் எங்கள் பக்கத்தில் வளைகாப்பு என்ற வழக்கமே இருந்ததில்லை என்பார் அம்மா. ரொறன்ரோவுக்கு வந்தபிறகு அதையும் பேபி ஷவரையும் சேர்த்து ஒன்றாகச் செய்கிறோம். பலூனும் இருக்கும், சந்தனமும் இருக்கும்.) எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று. அக்காவின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓட விடவேண்டும். ஆனால் தாய்மாமன் ஆகப்போகிறவன் வெறும் படத்தோடு நின்றுவிடலாமா? கடைசியில் என் சொந்தச் செலவில் இரண்டு எலிகளைச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்கா மேடையில் மஞ்சள் பட்டுச்சேலை கட்டி, கை நிறைய வளையலோடு, வயிற்றில் கை வைத்தபடி அகலமான ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். படங்கள் ஓடின. சனம் கைதட்டியது. அடுத்ததாக அவருடைய தலைக்கு மேலே, சுவர் உயரத்துக்கு, கொழுத்த மஞ்சள் எலி ஒன்று வந்து நின்றது. பக்கத்தில் ஒல்லியாய் ஒரு மண்ணிற எலி.

மண்டபம் எலியைப் பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. திரும்பவும் எலியைப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதை நான் உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

"இந்த ரெண்டு எலிக்கும் மரபணு ஒண்டுதான்" என்று தொடங்கினேன். "வித்தியாசம், தாய் என்ன சாப்பிட்டா எண்டதுதான்."

யூனியன்வில் அன்ரி கையை உயர்த்தினார். "அப்ப பிள்ளைக்கு ஏதும் ஆச்சுதெண்டா பிழை தாயிலயோ, தம்பி?"

என் வாழ்க்கையில் சபையிலிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி அது. ஆய்வுகூடக் கூட்டங்களில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில், மைக்கில், தெளிவாகச் சொன்னேன்:

"ஓம் அன்ரி. ஒரு வகையில பாத்தா அப்பிடித்தான்."

அக்கா மெல்ல எழும்பினார். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. மேடையை விட்டு இறங்கி, உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அத்தான் என்னை ஒருநாளும் ஏசியதில்லை. அன்றைக்கும் ஏசவில்லை. என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு, "போ" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே அக்கா கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

"வாசி."

கலைந்துபோன அந்த இரண்டு தடவையும் அவர் சாப்பிட்டதெல்லாம் திகதி போட்டு எழுதியிருந்தது. ஒரு கலியாண வீட்டில் அன்னாசி இரண்டு துண்டு. இறால் பொரியல். வேலையிடத்தில் கோப்பி, ஒரு நாளில் இரண்டு. பக்கம் பக்கமாக நீண்டுகொண்டு போனது. மறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்த நாட்கள் முழுக்க அதில் இருந்தன.

"அம்மா சொல்லேக்க நான் நம்பேல்லை. அன்ரி சொல்லேக்கயும் நம்பேல்லை. நீ படிச்சவன். நீ சொன்னா நம்புவன்" என்றார் அக்கா. "இதில எதால எண்டு சொல்லு."

என் படிப்பு அதுவரை ஒருவருக்கும் இந்த அளவுக்குத் தேவைப்பட்டதில்லை. நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நான் சொன்னது ஒரு சாதி எலியில, ஒரே ஒரு இடத்தில நடக்கிற கதை. எலியிலயே உப்பிடியான இடங்கள் கொஞ்சம்தான். அதைக் கொண்டுவந்து உன்ர தலையில கட்டினது என்ர கொழுப்பு."

"எலியில எண்டாலும் தாய்தானே?"

அப்போதுதான், எனக்குத் தெரிந்தும் ஸ்லைட்டில் போடாமல் விட்டதைச் சொன்னேன். போட்டால் கதை அவ்வளவு எடுப்பாக இருக்காது என்று விட்டிருந்தேன்.

"ஒரே தாய். ஒரே சாப்பாடு. ஒரே நாளில பிறந்த குட்டியள். ஒண்டு மஞ்சள், ஒண்டு மண்ணிறம், ஒண்டு திட்டுத் திட்டா ரெண்டும் கலந்து. நல்ல சாப்பாடு குடுத்தாலும் மஞ்சள் பிறக்கும், குடுக்காட்டிலும் மண்ணிறம் பிறக்கும். ஏனெண்டு கேட்டா எங்கட பேராசிரியையும் தெரியாதெண்டுதான் சொல்லுவா. அந்தக் குறி விழுந்தா விழும், விழாட்டி இல்லை. அது தாயின்ர கையில இல்லை அக்கா."

அக்கா என் கையிலிருந்த போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அன்னாசி?"

"இல்லை."

"இறால்?"

"இல்லை அக்கா. டொக்டர் உனக்கு என்ன சொன்னவர்?"

"தற்செயல், உம்மில பிழை இல்லை எண்டு. ஆறுதலுக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சன்."

"அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார். இரண்டு மணித்தியாலம் செலவழித்துப் போட்ட மேக்கப் கன்னத்தால் வழிந்தது. நானும் அழுதேன். (வெளியில் கேட்டது என் சத்தம்தான் என்று அத்தான் இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.) "டொக்டர் தந்த குளிசையை மட்டும் விடாமப் போடு, என்ர பட்டியலைக் கிழிச்சு எறி" என்றேன். "நீயே வந்து கிழி" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குது" என்றார்.

நான் ஓடிப்போய் அத்தானிடம் மைக்கைக் கெஞ்சி வாங்கினேன். "அன்ரி, உங்களுக்கு நான் சொன்ன பதில் பிழை. பிழை தாயில இல்லை. பிழை என்னிலதான்."

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும், தம்பி. இப்ப இரும்" என்றார் அன்ரி.

அக்கா வந்தவர் நேரே பழங்கள் வைத்திருந்த மேசைக்குப் போனார். எல்லா அன்ரிமாரும் பார்த்திருக்க ஒரு துண்டு அன்னாசியை எடுத்து வாயில் போட்டார். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், போய் ஒரு தட்டு நிறைய மட்டன் றோல்ஸ் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். நான் எலியைத் திரையிலிருந்து எடுக்க விழுந்தடித்து ஓடினேன்.

"விடு, இருக்கட்டும்" என்றார் அக்கா. வாயில் இரண்டாவது துண்டு.

அதனால் எலி கடைசிவரை இருந்தது. அன்ரிமார் வளைகாப்பு வளையல் போட்டபோதும் இருந்தது, கேக் வெட்டியபோதும் இருந்தது.

கயல் சுகமாகப் பிறந்தாள். இப்போது ஆறு வயது, அன்னாசி என்றால் உயிர். எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் யாராவது யாருக்காவது புத்தி சொல்லத் தொடங்கினால், "ஸ்லைட் இருக்கோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். நான் பிஎச்டி முடித்த அன்றைக்கு யூனியன்வில் அன்ரி போன் எடுத்து, "முடிவு என்ன தம்பி, மஞ்சளோ மண்ணிறமோ?" என்று கேட்டார்.

பிக்கரிங் வீட்டு முன்னறையில் அந்த நாளின் படம் ஒன்றைத்தான் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கண் வீங்கி, மை கரைந்து, வாய் நிறையச் சாப்பாட்டோடு அக்கா. தலைக்குப் பின்னால் அந்த எலி. வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். இவ்வளவு நல்ல படங்கள் இருக்க இதை ஏன் மாட்டினாய் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அண்டைக்குத்தான்டா நான் பயப்பிடாமச் சாப்பிட்டனான்" என்றார் அக்கா.