காதால் பார்த்த மாப்பிள்ளை

கீழே வரும் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, இரண்டு காதுகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு, இதன்மூலம் உறுதி கூறப்படுகிறது. நம்பிக்கை வராதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த அமைப்புகளில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், ஒருவர் நாடாளுமன்றம் என்பார், ஒருவர் தபால் துறை என்பார். இருவருக்கும் விவரம் போதாது. அது ‘திரைப் பின்னணி இசை நுண்செவியர் பேரவை’. மொத்த உறுப்பினர்கள் நால்வர். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தால் தரம் குறைந்துவிடும் என்பதால் பேரவை வளர்ச்சியை அடியோடு தவிர்த்து வந்தது. சனிக்கிழமை மாலைகளில் மதிப்பீட்டாளர் வீட்டு முன்னறையில் கூடியது.

மதிப்பீட்டாளர் என்றால், இடிபட்ட கார்களைச் சுற்றி வந்து, எந்த நசுங்கலுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்கிறவர். பகலெல்லாம் கண்ணால் பிழைப்பதால், வேலை முடிந்ததும் கண்ணுக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். ஹெட்போனை மாட்டுவார், இமையை மூடுவார், அவ்வளவுதான். வீட்டில் அவர் இருக்கிறார் என்பதற்கு மெல்ல ஆடும் தலை ஒன்றே சாட்சி.

பேரவைத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் மட்டுமே பேசிப் பழகியவர். ஆகவே அவருடைய கருத்துக்கு இதுநாள் வரை மறுப்பு வந்ததில்லை. செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாலாமவர் சோபா கடைக்காரர். கூட்டம் தொடங்கியதும் அவர் தூங்கிவிடுவார். விழித்ததும் “ஆழம்” என்பார். நால்வரில் மிகுந்த ரசனை அவருக்குத்தான் என்பதில் மற்ற மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பேரவையின் விதிகள் கடுமையானவை. வரிகள் உள்ள பாட்டைக் கேட்கக் கூடாது. அது இசை புரியாதவர்களுக்குக் கொடுக்கப்படும் சலுகை. கேட்கும்போது கண்ணைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைப் பார்க்கவே கூடாது. பார்ப்பது இசைக்குச் செய்யும் துரோகம். சோபா கடைக்காரர் ஒருமுறை, மனைவியின் வற்புறுத்தலால், ஒரு படத்தின் முற்பாதியைப் பார்த்துவிட்டு வந்து அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். அவரை இடைநீக்கம் செய்தார்கள். மூன்று பேராகக் கூடினால் பேரவைபோல் தோன்றவில்லை என்பதால் அடுத்த வாரமே மன்னித்தார்கள்.

கூட்டத்தின் உயிர்நாடி ‘செவிச்சுற்று’. யார் யார் இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முறை வைத்துச் சொல்ல வேண்டும்.

“நான் இப்ப கேட்டுக்கிட்டிருக்கிறது ஒரு கப்பல் மூழ்குற படம்,” என்பார் வாத்தியார். “அதுல ஒரு துண்டு. முழுசுக்கும் ஒரே ஒரு தடவைதான் மணியைத் தட்டுறான். டிங். அந்த டிங்குக்காக முழுசையும் திரும்பத் திரும்பக் கேக்குறேன்.”

“அந்த டிங் எந்த இடத்துல வருது?” என்பார் சோபா கடைக்காரர், தூக்கக் கலக்கத்தில்.

“எந்த இடம்னா? படத்துலயா?”

“மன்னிச்சுக்குங்க. வாய் தவறிடுச்சு.”

“நான் ஒரு பேய்ப் படம் கேக்குறேன்,” என்பார் டாக்டர். “கிளினிக்லயே போட்டு விடுறேன். நோயாளி நாற்காலியில சாயும்போது சரியா வயலின் ஏறும்.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“என்ன சொல்லுவாங்க? ரசிக்கிறாங்க. கண்ணுல தண்ணி வருது.”

மதிப்பீட்டாளரின் பங்களிப்பு தத்துவத் துறையைச் சேர்ந்தது. ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதை அவன் முகம் சொல்லாது, பேச்சு சொல்லாது, அவன் வரும்போது ஒலிக்கும் இசைதான் சொல்லும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. “வில்லன் கதவைத் தொடுறதுக்கு முன்னாடியே டபுள் பாஸ், அதான் அந்த ஆளுயர வயலின், காட்டிக் கொடுத்துடும். நம்ம வாழ்க்கையில அந்த வசதி இல்லை. படைச்சவன் அந்த ஒரு செலவை மிச்சம் பிடிச்சுட்டான்,” என்று வருந்துவார்.

இப்படிப்பட்ட மேதையின் வீட்டில் சில அற்பமான சிரமங்கள் இருந்ததை மறைப்பதற்கில்லை. உப்பு வேண்டுமா என்று மனைவி கேட்டால் தலையாட்டுவார். போட்டால், ஏன் போட்டாய் என்பார். அவருடைய ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடும் கெட்டிக்காரி. அப்பாவின் காதுக்குள் நுழைவதற்கு மட்டும் அவளுக்கு வழி பிடிபடவில்லை.

ஒருநாள் மாலை அவள் நேராக வந்து ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, அவருக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. மாசக் கடைசியில நானும் கிளம்பணும். அதுக்குள்ள நீங்க அவரை உட்கார வெச்சு ஒரு தடவையாவது பேசணும்.”

“எவரை?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

“லிஃப்ட் மெக்கானிக்பா. சொன்னேனே.”

“எப்பச் சொன்னே?”

“இதே நாற்காலியில உட்கார வெச்சு மூணு தடவை சொன்னா,” என்றாள் மனைவி. “மூணு தடவையும் தலையாட்டினீங்க.”

“அது தாளத்துக்கு.”

மகள் ஹெட்போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு, “எனக்கு ஒண்ணும் வேணாம்பா. அவரைத் தெரிஞ்சுக்கிட்டு, உங்க வாயால ஒரே ஒரு ‘சரி’ சொல்லுங்க. அதைக் கேக்காம நான் ரயில் ஏற மாட்டேன்,” என்றாள்.

மதிப்பீட்டாளருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் அப்பாவிடம் சம்மதம் கேட்கிறாள்? நசுங்கிய பம்பருக்கே முப்பது கேள்வி கேட்பவர், மகளின் வாழ்வை ஏனோதானோ என்று விடுவாரா? மாப்பிள்ளையைப் பேரவை முழுவதும் கூடிச் செவியேற்கும் என்று அறிவித்தார்.

சனிக்கிழமை வந்தது. நால்வரும் வரிசையாக அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பாரபட்சம் கூடாது என்பதற்காக, ஸ்பீக்கர் எந்த இசையை வேண்டுமானாலும் தானாகப் பொறுக்கிப் போடட்டும் என்று விட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதே நொடியில் டபுள் பாஸ் அடித்தொண்டையில் உறுமியது.

“வணக்கம் மாமா,” என்றது ஒரு குரல்.

வாத்தியார் மதிப்பீட்டாளர் பக்கம் சாய்ந்தார். “அதுக்குள்ள மாமாவாம்.”

“தம்பி என்ன பண்றீங்க?” என்றார் டாக்டர்.

“லிஃப்ட் ரிப்பேர் பார்க்கறேங்க. மாமாவுக்குத் தெரியுமே.”

‘தெரியுமே’ என்ற இடத்தில் பெரிய முரசு ஒன்று அதிர்ந்தது. பேரவை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“உங்க லிஃப்ட்ல யாராவது செத்திருக்காங்களா?”

“ஐயோ, இல்லீங்க.”

“இதுவரைக்கும்,” என்று டாக்டர் திருத்தினார்.

மெக்கானிக்குக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். எழுந்து சமையலறைக்குப் போனான். அலமாரி திறந்தது, டம்ளர் எடுத்தது, பானையில் தண்ணீர் மொண்டது, திரும்பி வந்தது, எல்லாம் கேட்டது. எதையும் தேடிய சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“வீட்டுல எது எங்க இருக்குன்னு நோட்டம் விட்டு வெச்சிருக்கான்,” என்று வாத்தியார் கிசுகிசுத்தார்.

தீர்ப்பு ஏகமனதாக இருந்தது. ஆள் வில்லன்.

“நீங்க அவரைப் பார்த்தீங்களா?” என்றாள் மனைவி, எல்லோரும் போன பிறகு.

“கேட்டேன்.”

“அவர் சொன்னதைக் கேட்டீங்களா?”

“அவன் சொன்னதை எதுக்குக் கேக்கணும்? அவன் பின்னாடி சொன்னதைக் கேட்டேன்.”

மகள் மேல்முறையீடு செய்தாள். பேரவை பெருந்தன்மையோடு அடுத்த சனிக்கிழமையை ஒதுக்கியது. இந்த முறை அவள் முன்கூட்டியே ஸ்பீக்கரோடு காதும் காதும் வைத்தாற்போல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். மெக்கானிக் வாசலில் கால் வைத்ததும் புல்லாங்குழல் குழைந்தது. அவன் உட்கார்ந்ததும் வீணை சேர்ந்துகொண்டது. லிஃப்ட் கம்பிக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி அவன் சொன்னபோது ஐம்பது வயலின்கள் ஒன்றாக விம்மின. சோபா கடைக்காரர் விழித்தே இருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற மகளுக்கு நம்பிக்கை பிறந்தது.

அவன் போனதும் டாக்டர் தொண்டையைச் செருமினார். “ரொம்ப வருத்தமா இருக்கு.”

“ஏன், நல்லாத்தானே இருந்தது?” என்றார் மதிப்பீட்டாளர்.

“அதுதான் பிரச்சினை. ஆரம்பத்துலயே ஒருத்தனுக்கு இவ்வளவு புல்லாங்குழல் கொடுத்தா என்ன அர்த்தம்? இடைவேளைக்கு முன்னாடி ஆள் செத்துடுவான்.”

மதிப்பீட்டாளருக்கு வேர்த்துவிட்டது. வில்லனாக இருந்தாலாவது உயிரோடு இருப்பான். இப்போது மகளின் வாழ்க்கையே போய்விடும்.

“வேணாம்மா,” என்றார் இரவுச் சாப்பாட்டில், தழுதழுத்து. “நல்ல பையன்தான். ஆனா ரொம்ப நாள் தாங்க மாட்டான்.”

மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மெக்கானிக், “விடு, போயிட்டுப் பிறகு பேசிக்கலாம்,” என்றான். அவள் முடியாது என்றாள். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை பேரவை கூடியது, கண்ணை மூடியது. மெக்கானிக் வந்து உட்கார்ந்தான். அம்மா முன்னறைக்கு வந்தாள். நான்கு மூடிய முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். குனிந்து, ஸ்பீக்கரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை, பார்ப்பது விதிமீறல்.

அமைதி. மெக்கானிக் பேச வாயெடுத்தான். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சமையலறையில் மகள், இனி இது நடக்காது என்று தெரிந்துகொண்டு, சத்தம் வெளியே வரக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

பேரவை சிலிர்த்தது.

“கிளாரினெட்,” என்றார் வாத்தியார், மூச்சடக்கி. “தனிக் கிளாரினெட். கூட ஒண்ணும் இல்லை. என்ன தைரியம் பாருங்க.”

“மூச்சு வாங்குற இடம் கேட்டீங்களா?” என்றார் டாக்டர். “ரெக்கார்டிங்ல அதை வெட்டாம விட்டிருக்கான். மேதை.”

“ஆழம்,” என்றார் சோபா கடைக்காரர். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“இது யார் போட்டது? இதை நான் கேட்டதே இல்லையே,” என்றார் வாத்தியார்.

மதிப்பீட்டாளர் மட்டும் இன்னும் தலையைச் சாய்த்தே வைத்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் இவ்வளவு கூர்ந்து எதையும் கேட்டதில்லை. இடது பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக்கூடக் கவனித்தார். கடைசியில் ஒரு விரலை உயர்த்தினார்.

“எனக்கு இது தெரியும். கதாநாயகி அழும்போது இது வராது. அழுறது அவ அப்பாவுக்குக் கேக்கலைங்கிற இடத்துலதான் வரும்.”

“ஆஹா,” என்றார் டாக்டர்.

“அப்ப அடுத்து என்ன வரும்?” என்றார் வாத்தியார்.

“அப்பா மனசு மாறுவார். மாறலைன்னா படம் ஓடாது.” மதிப்பீட்டாளர் கண்ணைத் திறக்காமலேயே, மெக்கானிக் இருக்கும் திசைக்கு உத்தேசமாகத் திரும்பினார். உண்மையில் அங்கே குடை மாட்டும் கம்பம்தான் இருந்தது. “சரி,” என்றார் அதனிடம். “என் பொண்ணை நல்லாப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை.”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். “அப்பா, என்ன சொன்னீங்க?”

“சரின்னு சொன்னேன்மா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“சரி. சரி. சரி.” அவர் நெற்றியைச் சுருக்கினார். “அடடா, கிளாரினெட் நின்னுடுச்சே. நல்லாப் போய்க்கிட்டிருந்தது.”

அவள் சிரித்தாள். மெக்கானிக் பெருமூச்சு விட்டான். அம்மா டீ கொண்டு வந்தாள். மதிப்பீட்டாளர் உணர்ச்சிப் பெருக்கில் எழுந்து நின்று, வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு சபதம் செய்தார்.

“எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் பொண்ணு கல்யாணம் எப்ப நடந்தாலும், அன்னைக்கு ஒரு நாள் முழுக்க ஹெட்போன் போட மாட்டேன். கண்ணையும் திறந்து வெச்சிருப்பேன்.”

பேரவை அதிர்ந்தது. ஒரு தந்தை இதைவிடப் பெரிய தியாகம் செய்ததாகத் தகவல் இல்லை. டாக்டர் முன்மொழிய, வாத்தியார் வழிமொழிய, பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. சோபா கடைக்காரர் எழுப்பப்பட்டு, கைதட்டினார்.

“தேதியை எப்ப வெச்சுக்கலாம்?” என்றார் மதிப்பீட்டாளர், மனைவியிடம்.

“அதை நாங்க பார்த்துக்கறோம். டீயைக் குடிங்க,” என்றாள் அவள்.

மகளுக்கும் மெக்கானிக்குக்கும் கல்யாணம் நடந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது; முதல் வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில், ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, தாலி கட்டி முடியும் வரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் மதிப்பீட்டாளர்தான்.