சேவலுக்குச் சொன்ன மாத்திரை

துபாயிலிருந்து வருகிறவரிடம் ஒரு சாமான் கேட்டால், அது எதற்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சேவல் விந்தை ஃபிரிட்ஜில் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பது என் ஆராய்ச்சி. (வீட்டில் 'கோழி சம்பந்தமா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.) சேவலின் விந்தணுவில் கொழுப்பு அதிகம். பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா, அதே மாதிரி இதுவும் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும். மறுநாள் பார்த்தால் ஒன்றும் நீந்தாது. அதைத் தடுக்க ஆன்டி-ஆக்ஸிடன்ட் கலக்க வேண்டும். வைட்டமின் ஈ அப்படி ஒன்று.

அது எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைத்தது. ஆனால் நான் படித்த கட்டுரைகளெல்லாம் ஃபாரினில் எழுதியவை. மருந்தும் ஃபாரினாக இருந்தால்தான் சேவல் மதிக்கும் என்பது அன்றைய என் விஞ்ஞானம்.

துபாயில் என் மாமி மகன் சலீம் இருந்தார். எங்களுக்கு நிச்சயமாகியிருந்தது. படிப்பு முடியட்டும் என்று அழுது அடம்பிடித்து நான் வாங்கியிருந்த தவணை, அவர் லீவில் வந்ததும் தீர்ந்துவிடும். அதற்குள் விந்தணு நீந்தாவிட்டால் பட்டம் கிடையாது, கல்யாணம் மட்டும்தான்.

மயிலாடுதுறை எஸ்.டி.டி. பூத்தில் என் அத்தா (அப்பாதான்) பக்கத்தில் நிற்க, போன் போட்டேன்.

"மச்சான், வைட்டமின் ஈ மாத்திரை பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கிக்குங்க."

"எதுக்கு?"

அத்தா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சேவல் என்று ஆரம்பித்தால் விந்தில்தான் போய் முடியும்.

"மறந்துடாதீங்க மச்சான். கல்யாணத்துக்கு முன்னாடி அது ரொம்ப முக்கியம்," என்று சொல்லி வைத்துவிட்டேன். (இதை இப்போது எழுதும்போதுகூடத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

துபாய்ப் பெட்டியைத் தனியாகத் திறக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாமி வீட்டுக் கூடத்தில் சொந்தம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்க, சென்ட், தைலம், டார்ச் லைட் எல்லாம் பெயர் சொல்லி விநியோகமாயின. என் முறை வந்ததும் சலீம் ஒரு பாட்டிலை நீட்டினார். குலுக்கினேன். சத்தமே இல்லை.

"காலியா இருக்கே மச்சான்?"

"நீ சொன்ன அன்னிலேருந்து ஒரு நாள் விடாம சாப்பிட்டேன்," என்றார் பெருமையாக. "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு காரணமில்லாம சொல்லாதுன்னு ரூம்ல எல்லாரும் சொன்னாங்க."

என் பட்டம் அவர் வயிற்றுக்குள் போயிருந்தது. அழுகை முட்டியது.

"ஐயோ, அது உங்களுக்கில்ல மச்சான், சேவலோட விந்துக்கு!"

டார்ச்சை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பெரியத்தா அணைக்க மறந்துபோனார். வெளிச்சம் நேராக என் முகத்தில். அத்தா மின்விசிறியைப் பார்த்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே விந்தணு, கொழுப்பு, ஃபிரிட்ஜ் என்று விளக்க விளக்க, நிலைமை இன்னும் மோசமானது.

"எந்த ஃபிரிட்ஜு?" என்றார் மாமி.

"காலேஜ் ஃபிரிட்ஜ் மாமி."

மாமிக்கு மூச்சு வந்தது. ஆனால் இன்னொரு கவலை பாக்கி இருந்தது.

"அப்ப என் புள்ளகிட்ட ஒரு குறையும் இல்லையே?"

"சத்தியமா இல்ல மாமி."

"பின்ன ஏன் அழுவுற? கல்யாணத்த லீவு கடைசியில வச்சுக்குவோம். சேவல் வேலை மொதல்ல முடியட்டும்."

இந்த மனுஷியிடமா மறைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே மெடிக்கல் ஷாப்பில் உள்ளூர் மாத்திரை வாங்கிக் கலந்தேன். கொஞ்சமும் கௌரவம் பார்க்காமல் நீந்தின. பட்டமும் வந்தது, கல்யாணமும் நடந்தது.

இன்றும் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் சலீம் உடனே விழுங்கமாட்டார். வீடே கேட்கும்படி, "இது எனக்கா, சேவலுக்கா?" என்பார். எங்கள் நான்கு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமி மட்டும் சிரிப்பதில்லை. நான்கு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அந்த பாட்டிலு ஒண்ணும் வீணாப் போகலம்மா" என்பார்.