கையை விட்டுப் போகாத பட்டாம்பூச்சி

தன் குட்டு வெளிப்படாமல் இருக்க ஒரே வழி பட்டாம்பூச்சிதான் என்று அபுந்தியோ முடிவு செய்தான்.

மெக்சிகோவின் உருவாப்பான் ஊரில் பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாக்களை வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. போன மாதம் மனைவி எலோடியாவின் அக்கா மகளுக்கு விழா. வால்ஸ் நடனம் தொடங்கியதும் கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு, ஆறாம் மேசையில் போய் உட்கார்ந்தான். கோலாவில் ரம் கலந்து கேட்டு வாங்கி, ஆற அமரக் குடித்தான். அதை அவனுடைய கேமராவே முழுசாகப் பிடித்து வைத்திருந்தது.

ஆறு மாதம் குடியைத் தொடமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் செய்தவன் அவன். பாதிரியார் தேதி போட்டுக் கொடுத்த அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. இன்னும் பத்தே நாள் பாக்கி. மீறினால் அடுத்த சத்தியம் ஒரு வருடத்துக்கு என்று எலோடியா முன்பே சொல்லியிருந்தாள்.

வால்ஸை வெட்டவும் வழியில்லை. ஒரு நொடி குறையக் கூடாது என்று பெண்ணின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நல்லவேளையாக, வீடியோ முழுக்க இளஞ்சிவப்புப் பட்டாம்பூச்சிகள் பறக்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. அதில் ஒன்று தன் கிளாஸ் மேல் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கிளாஸைச் சுற்றிக் கட்டம் போட்டு, இதைத் தொடர்ந்து போ என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னான். தேடும் கட்டத்தைச் சிறிதாக்கினால், கை உயர்ந்ததும் கிளாஸைத் தவறவிட்டது. பெரிதாக்கினால், பட்டாம்பூச்சி பக்கத்து மேசைக்குப் போய் மாமியாரின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்று மாற்றினான். அதற்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. இப்படியே மூன்று நாள் போயிற்று. குடித்தது ஒரு கிளாஸ், அதற்கு இவ்வளவு பாடா என்று அவனுக்கு அழுகையே வந்தது.

எலோடியா காபியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"பூச்சி ஏன் இப்படி அலையுது?"

"சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்குது."

"பளபளக்கிறதப் புடிச்சா வழுக்கத்தான் செய்யும். கூடவே கறுப்பா ஏதாவது போகும்ல, அதப் புடிச்சுக்கச் சொல்லு."

அவன் கைக்கடிகாரத்தின் வார் கறுப்பு. கட்டத்தை அங்கே நகர்த்தி, அதற்கு நாலு விரல் மேலே பட்டாம்பூச்சியை ஒட்டினான். கை போன இடமெல்லாம் அதுவும் போய் வந்தது. பளபளப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடிப் பார்த்துக் கண்கலங்கியது. வீடு திரும்பும் வழியில் எலோடியா நிதானமாகக் கேட்டாள்.

"மத்ததெல்லாம் பறக்குது. ஒண்ணு மட்டும் உன் கையிலயே உக்காந்திருக்கே, ஏன்?"

"அது கம்ப்யூட்டர் பண்ற வேலை."

"கம்ப்யூட்டரா குடிச்சுது?"

அதற்குமேல் பொய் சொல்லவும் அவனுக்கு அலுப்பாக இருந்தது. ஒரே ஒரு கிளாஸ் ரம்தான், அதற்கே தலை சுற்றிவிட்டது என்று ஒப்புக்கொண்டான்.

"எப்படிச் சுத்தும்? உனக்கு ரம் ஊத்தக் கூடாதுன்னு பரிமாறினவங்ககிட்ட அன்னைக்கே சொல்லி வெச்சிருந்தேன். நீ குடிச்சது வெறும் கோலா."

அப்படியானால் சத்தியம் மீறப்படவே இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக அபுந்தியோ சிரித்தான்.

"நீ கோலாவையே கேட்டு வாங்கிக் குடிச்சன்னுதான் நானும் நெனச்சேன், கிழவா," என்றாள் எலோடியா. "நீ அத மறைக்க ஆரம்பிச்சப்பதான், ரம்மு கேட்டிருக்கன்னு புரிஞ்சுது."

மறுநாள் பாதிரியார் புது அட்டையில் ஒரு வருடம் என்று எழுதிக் கொடுத்தார், கோலா குடித்த குற்றத்துக்கு.